கம்பில் தொங்கிய ஓலை

போன வாரம் நண்பன் ஒருவன் போன் செய்தான். "மச்சான், வியட்நாம் போனப்போ ஒரு ஷீட் போட்டு வச்சிருந்தியே, அதை அனுப்புடா. மீகாங் டெல்டா மட்டும் போதும்." ஒரு நிமிட வேலைதான். ஆனால் ஷீட்டைத் திறந்து படித்த பிறகு இரண்டு நாள் அனுப்பாமலே வைத்திருந்தேன்.

ஷீட்டில் குறை ஒன்றும் இல்லை. ஆபீஸ் பழக்கம், எதைப் போட்டாலும் ப்ராஜெக்ட் ப்ளான் மாதிரிதான் வரும். விசா: ஆன்லைனில் எடுக்கலாம், 2023 ஆகஸ்டிலிருந்து 90 நாள் வரை தருகிறார்கள். பருவம்: டிசம்பர் முதல் ஏப்ரல் வரை மழை குறைவு, ஆறு பெருகி நிற்பதைப் பார்க்க வேண்டுமென்றால் செப்டம்பர் முதல் நவம்பர் வரை. தெத் புத்தாண்டு நாட்களில் போகாதே, பஸ்ஸில் இடம் கிடைக்காது, சந்தையும் மூடியிருக்கும். ஹோ சி மின் நகரத்திலிருந்து கன் தோ ஏறக்குறைய 170 கிலோமீட்டர், பஸ்ஸில் மூன்றரை மணி நேரம். ஒரே நாளில் போய்த் திரும்பாதே, விடியற்காலைச் சந்தை கிடைக்காமல் போகும்.

இதெல்லாம் இன்றைக்கும் சரி. என்னை நிறுத்தியது இரண்டாம் நாளின் முதல் வரி. "காலை 5:15. காய் ராங் மிதக்கும் சந்தை. டூரிஸ்ட் கூட்டம் வருவதற்குள் உண்மையான சந்தையைப் பார்த்துவிட வேண்டும்."

அந்த 'உண்மையான' என்ற சொல்தான் உறுத்தியது.

காய் ராங் அடிப்படையில் ஒரு மொத்த விற்பனைச் சந்தை. பெரிய படகுகள் அன்னாசி, தர்பூசணி, பூசணி, சர்க்கரைவள்ளிக் கிழங்கு என்று ஏற்றிக்கொண்டு வந்து ஆற்றின் நடுவே நங்கூரம் போட்டு நிற்கும். சின்னப் படகுகள் அவற்றிடம் வாங்கி வாய்க்கால் வாய்க்காலாகக் கொண்டுபோய் விற்கும். ஒவ்வொரு பெரிய படகிலும் நீளமான ஒரு மூங்கில் கம்பு நிற்கும். என்ன சரக்கோ அதை அதன் உச்சியில் கட்டித் தொங்கவிடுவார்கள். மோட்டார் சத்தத்தில் கூவி விற்க முடியாது, அதனால் இப்படி ஒரு பெயர்ப்பலகை. நான் போனபோது சந்தைப் படகுகளைவிட என்னைப் போன்றவர்கள் வந்த படகுகளே அதிகம் என்று தோன்றியது. ஏமாற்றமாக இருந்தது. அந்த ஏமாற்றத்தோடு நிறைய படம் எடுத்தேன்.

அன்று சாயங்காலம், தங்கியிருந்த வீட்டு அம்மாவிடம் படங்களைக் காட்டிக்கொண்டிருந்தேன். ஒரு படத்தில் அவர் விரல் நின்றது. எனக்கு மிகவும் பிடித்த படம் அது: பழைய மரப்படகு, முகப்பில் வரைந்த இரண்டு கண்கள், கம்பின் உச்சியில் காற்றில் ஆடும் ஒரு காய்ந்த ஓலை. ஓலை விற்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். அவர் தன் போனில் டைப் செய்து மொழிபெயர்ப்பைக் காட்டினார். "இந்தப் படகு விற்பனைக்கு."

அங்கே அது எல்லோருக்கும் தெரிந்த வழக்கமாம். கம்பில் பழம் தொங்கினால் பழம் விற்கிறது. ஓலை தொங்கினால் படகே விற்கிறது. ஓலை கூரைக்கு அடையாளம், கூரை வீட்டுக்கு அடையாளம். அந்தப் படகிலேயேதான் குடும்பம் சமைக்கிறது, தூங்குகிறது, பிள்ளை வளர்க்கிறது. அழகான ஃப்ரேம் என்று நான் எடுத்துவந்தது ஒரு வீட்டின் விற்பனை அறிவிப்பு.

"ஐயோ, இன்னும் ஒரு படகு குறையுதே" என்பதுதான் என் மனதில் முதலில் வந்தது. அந்த அம்மாவுக்கு அப்படித் தோன்றியதாகத் தெரியவில்லை. ஏன் விற்கிறார்கள் என்று கேட்டேன். தோளைக் குலுக்கினார். கடனாக இருக்கலாம். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கரையேறுவதாக இருக்கலாம். லாரி வாங்குவதாகக்கூட இருக்கலாம். ஏன் என்ற கேள்வி அவருக்கு முதலில் வந்தது. எனக்கு, சந்தையில் ஒரு எண் குறைந்துவிட்ட வருத்தம்தான் முதலில் வந்தது.

சந்தை ஏன் சுருங்குகிறது என்பதற்கு என் ஷீட்டிலேயே விடை இருக்கிறது, 'பயண நேரம்' என்ற பத்தியில். 2000-இல் மி துவான் பாலம் வந்தது. 2010-இல் கன் தோ பாலம். 2023 டிசம்பரில் இரண்டாவது மி துவான் பாலமும், கன் தோவுக்குப் போகும் விரைவுச்சாலையும். அதற்கு முன்னால் இரண்டு இடத்தில் ஃபெர்ரிக்குக் காத்துக் கிடக்க வேண்டும். சாலை இல்லாததால்தான் சரக்கு ஆற்றில் போனது, சரக்கு ஆற்றில் போனதால்தான் சந்தை ஆற்றில் இருந்தது. என்னை மூன்றரை மணி நேரத்தில் கொண்டுவந்து சேர்த்த அதே சாலைதான் அன்னாசியை லாரியில் ஏற்றிக்கொண்டு போகிறது. சாலையும் எனக்கு வேண்டும், சாலையால் ஒன்றும் மாறாமலும் இருக்க வேண்டும். கன் தோ பாலம் கட்டும்போது, 2007-இல், ஒரு பகுதி இடிந்து விழுந்து 50-க்கும் மேற்பட்ட தொழிலாளிகள் செத்துப்போனார்கள். அந்த விலையும் கொடுத்துக் கிடைத்த பாலத்தை 'மரபை அழித்தது' என்று ஒரே வரியில் சொல்லிவிட எனக்கு என்ன தகுதி?

எங்கள் தொழிலில் ஒன்று பார்த்திருக்கிறேன். "பழைய சிஸ்டம் நல்லாத்தானே இருக்கு, ஏன் மாத்தறீங்க" என்று கேட்பவர், அது படுத்துக்கொண்டால் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து சரிசெய்பவராகப் பெரும்பாலும் இருக்க மாட்டார். மாறாமல் இருப்பதன் அழகு ஒருவருக்கு, அதன் சிரமம் இன்னொருவருக்கு. காய் ராங் சந்தையை 2016-இல் தேசிய கலாசார மரபாக அறிவித்தார்கள். நல்லதுதான். ஆனால் பாதுகாக்க வேண்டும் என்று சொல்லும்போது, யாரோ ஒரு குடும்பம் கழிப்பறை வசதி இல்லாமல், நிலையான முகவரி இல்லாமல் படகிலேயே இருக்க வேண்டும் என்றும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.

அப்படியானால் எல்லா மாற்றமும் நல்லதா? இல்லை. இங்கேதான் எனக்கு நெடுநாள் குழப்பம் இருந்தது. அந்த டெல்டா நிலத்தின் சராசரி உயரம் கடல்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 80 சென்டிமீட்டர்தான் என்று 2019-இல் ஒரு ஆய்வு வெளியானது. என் இடுப்பளவு. நிலத்தடி நீரை உறிஞ்ச உறிஞ்ச நிலம் இறங்குகிறது. மேலே சீனாவிலும் லாவோஸிலும் கட்டிய அணைகள் வண்டலைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. மிச்சமிருக்கும் மணலையும் அள்ளுகிறார்கள். 2016-லும் 2020-லும் உப்புநீர் வெகுதூரம் உள்ளே ஏறி நெல்லைக் கெடுத்தது. சாலை வந்ததால் படகை விற்றவரும், வயல் உப்பாகிப்போனதால் ஊரை விட்டுப் போனவரும் என் கண்ணுக்கு ஒன்றுதான்: 'மறைந்துகொண்டிருக்கும் உலகம்'. ஆனால் முன்னவருக்கு ஓரளவாவது ஒரு தேர்வு இருந்தது. பின்னவருக்கு இல்லை. அவர் இழந்ததை முடிவு செய்தவர்கள் வேறெங்கோ இருக்கிறார்கள். விமானத்தில் ஏறிப்போன எனக்கும் அதில் ஒரு சிறு பங்கு உண்டு.

மாறுவதைப் பார்த்து வருத்தப்படுவதற்கு முன், இந்த மாற்றத்தை யார் முடிவு செய்தார்கள் என்று கேட்க வேண்டும். கேட்காமல் படும் வருத்தம் பெரும்பாலும் நம் படத்துக்காகப் படும் வருத்தம்தான்.

இதனால் போகவே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆற்றில் நூடுல்ஸும் காப்பியும் விற்கும் பெண்களுக்கு நாம் போனால்தான் வியாபாரம். நான் வீட்டில் உட்கார்ந்து குற்ற உணர்ச்சியில் இருப்பதால் அவர்களுக்கு ஒரு கிண்ணம்கூட கூடுதலாக விற்காது.

ஷீட்டைத் திருத்தினேன். பெரிதாக ஒன்றுமில்லை. 'உண்மையான' என்ற சொல்லை எடுத்தேன். கன் தோவில் ஒரு இரவை இரண்டாக்கி, ஒரு காலையைக் காலியாக விட்டேன். "காலை உணவு படகில் சாப்பிடு. படகுக்குள்ளே கேமராவைத் திருப்பாதே, அது ஒருத்தர் வீட்டுச் சமையலறை" என்று எழுதினேன். கடைசியாக, கம்பில் ஓலை தொங்கினால் என்ன அர்த்தம் என்று ஒரு வரி. அனுப்பிவிட்டேன்.

பத்து நிமிடத்தில் பதில் வந்தது. "சரி மச்சான். ஓலை தொங்குற படகைப் பார்த்தா நான் என்ன பண்ணணும்?"

ஒன்றும் பண்ண வேண்டாம், ஓலை என்று தெரிந்துகொண்டு பார், போதும் என்று எழுதினேன்.