வெட்டாத வேலி

மாசி வெயில் ஏறிவிட்டது. சுங்கை பட்டாணியிலிருந்து பீடோங் போகும் வழியில் மிஞ்சியிருக்கும் பால்மரக் காட்டில் இலை கொட்டிக் கிடக்கிறது. மலேசியாவின் கெடாவில் மழை ஓய்ந்து காய ஆரம்பித்தால் ரப்பர் மரம் ஓர் இலையைக்கூட வைத்துக்கொள்ளாது. பழுத்துச் சிவந்து மொத்தமாக உதிர்த்துவிடும். புதுத் துளிர் முற்றும்வரை பால் இறங்காது. பால் பிடிக்கும் மங்கின் அடி நனைந்தால் போதும் என்பார் அப்பா. அந்த நாள்களில் கடைக்காரரின் நோட்டில் எங்கள் பக்கம் நிறையும். காய்ந்த சருகில் ஓடிச் சத்தம் எழுப்புவது எங்களுக்கு விளையாட்டு. பெரியவர்களுக்கு அந்தச் சத்தமே ஆகாது.

*

தங்கை மகள் இங்கிலாந்திலிருந்து ஒரு படம் அனுப்பியிருக்கிறாள். அவள் குடியிருக்கும் வீட்டு வாசலில் ஆளுயர வேலி. ஹார்ன்பீம் என்று பெயராம். பனிக்காலம், இலை முழுக்கச் செத்துப் பழுப்பாகிவிட்டது, ஆனால் உதிரவில்லை. கத்தரித்து வளர்த்த ஹார்ன்பீம் அப்படித்தான், செத்த இலையைப் பிடித்துக்கொண்டே வசந்தம்வரை நிற்கும். தெருவிலிருந்து வீட்டை மறைக்க உதவும் என்று அங்கே விரும்பி நடுகிறார்கள். கொம்பைப் போல இறுகிய மரம். ஒரு காலத்தில் மாவு ஆலையின் பற்சக்கரத்தையும் இறைச்சி வெட்டும் கட்டையையும் அதில்தான் செய்தார்கள். ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையின் புகழ்பெற்ற புதிர்ப்பாதைகூட முதலில் ஹார்ன்பீம் வேலியால் ஆனதுதான். சுமார் 300 ஆண்டுக்கு முந்திய நடவு.

"மாமா, நம்ம ஊர்ல இது வருமா?"

வராது. அதற்குக் குளிர்காலம் ஒன்று வேண்டும், தூங்கி எழ. நம் ஊரில் மரங்களுக்கு அவ்வளவு நீளமான தூக்கம் கிடைப்பதில்லை.

நாளெல்லாம் இரண்டு மரங்களையும் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒன்று எல்லா இலையையும் உதறிவிடுகிறது. இன்னொன்று செத்ததையும் விட மாட்டேன் என்கிறது.

*

நம் ஊர் உயிர்வேலி செம்பருத்தி. நாங்கள் குடியிருந்த ரப்பர் தோட்டத்தில் அது இரண்டு விதமாக இருந்தது.

துரை பங்களாவைச் சுற்றி இருந்தது ஒன்று. மேல்பக்கம் நூல் பிடித்தது போல நேராக இருக்கும். பங்களாத் தோட்டக்காரர் வாரம் தவறாமல் நீளக் கத்தரியோடு நிற்பார். அவர் எங்கள் லயத்து வரிசை வீட்டுக்காரர்தான், கைத்தொழில் தெரிந்தவர். அடியை அகலமாக விட்டு மேலே கொஞ்சம் ஒடுக்கி வெட்டுவார். ஏன் என்று கேட்டதற்கு, "மேல அகலமா உட்டா கீழ வெயிலு எறங்காதுடா, அடி மொட்டையாயிடும்" என்றார். ஹார்ன்பீமுக்கும் இதே சாய்வைத்தான் அங்கே சொல்கிறார்களாம். எந்த ஊர்ச் செடிக்கும் வெயில் ஒரே மாதிரிதான் கணக்குச் சொல்கிறது.

ஆனால் அந்த வேலியில் பூ கிடையாது. செம்பருத்தி புதுக் கொழுந்தின் நுனிப் பக்கத்தில்தான் மொட்டு வைக்கும். வாரந்தோறும் நுனியை நறுக்கினால் மொட்டும் கத்தரியோடு போய்விடும். பங்களா வேலி வருடம் முழுக்கப் பச்சைச் சுவராக நின்றது.

லயத்து வேலி வேறு. யாருக்கும் அதை வெட்ட நேரமில்லை. விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு, பிறகு காடு, மதியம் திரும்பி வந்தால் சமையல், துணி. வழியை மறைக்கும்போது மட்டும் அப்பா பாராங் எடுத்து நாலு கிளையைத் தள்ளுவார். மற்றபடி அது தன் இஷ்டத்துக்கு நீண்டு, சாய்ந்து, ஒன்றின்மேல் ஒன்று படுத்துக் கிடந்தது. தினமும் பூத்தது. அம்மா எண்ணிப் பறிப்பாள், படத்துக்கு இத்தனை, கோயிலுக்கு இத்தனை என்று. ஒருநாள் பூதானே, பறிக்காவிட்டாலும் மறுநாள் சுருண்டுவிடும். இலையை நசுக்கினால் வரும் வழவழப்பு தங்கைகளின் தலைக்கு.

நேரான வேலி வேண்டுமா, பூ வேண்டுமா? இரண்டும் சேர்ந்து கிடைக்காது. இதைப் படித்துத் தெரிந்துகொள்ள எனக்கு 50 வயது ஆயிற்று. பங்களாவில் வெட்டிவிட்டு வந்து தன் வீட்டு வேலியில் கத்தரி வைக்காத அந்த மனிதருக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது.

*

தஞ்சாவூர்ப் பக்கத்தில் 'வேலி' என்பது நில அளவு. 20 மா சேர்ந்தால் ஒரு வேலி, ஆறரை ஏக்கருக்குச் சற்று மேலே. பாட்டனின் ஊர் அந்தப் பக்கம். அங்கே வேலிக் கணக்கில் பேசப்பட்ட நிலத்தில் அவருக்கு ஒரு குழிகூட இல்லை. கங்காணியோடு கப்பலேறினார். இங்கே வந்த பிறகும் நிலம் கம்பெனியுடையது, வீடு கம்பெனியுடையது, வாசலில் இருந்த தண்ணீர்க் குழாய்கூட கம்பெனியுடையது. குச்சி ஊன்றி வளர்த்த வேலி மட்டும்தான் அவர் கை வைத்தது. ஊருக்கு எழுதிய கடிதங்களில் 'வேலி வைத்திருக்கிறேன்' என்று அவர் சொல்லியிருந்தால் அங்கே என்ன புரிந்துகொண்டிருப்பார்கள் என்று சில சமயம் யோசிப்பேன், சிரிப்பு வரும். கொஞ்ச நேரம்தான்.

எங்கள் வேலி எதையும் தடுத்ததில்லை. கோழி கீழே புகுந்து போகும். அடுத்த வீட்டு அத்தை வருவதற்கென்றே நடுவில் ஒரு சந்து இருந்தது. நெருப்புக்கு, உப்புக்கு, சண்டைக்கு, சமாதானத்துக்கு எல்லாம் அந்த வழிதான். செடி அந்த இடத்தில் கிளை விடுவதையே நிறுத்திவிட்டிருந்தது.

வேலியால் தடுக்க நினைத்தவர்களும் உண்டு. போன நூற்றாண்டுக்கு முந்தியதில் வெள்ளைக்காரர்கள் உப்பு வரிக்காக இந்தியாவின் குறுக்கே நூற்றுக்கணக்கான மைல் முள்வேலி வளர்த்தார்கள். அதைத் தீவிரமாக வளர்த்தவர்களில் ஒருவர் ஆலன் ஆக்டேவியன் ஹியூம், பின்னாளில் காங்கிரஸைத் தோற்றுவித்தவர். 1879இல் வேலியைக் கைவிட்டார்கள். இன்று தேடினாலும் கண்ணில் படுவது அரிது.

*

செம்பருத்தி இங்கே பெரும்பாலும் விதை கட்டுவதில்லை. பென்சில் கனத்துக் குச்சியைச் சாய்வாக நறுக்கி, இலையைக் கிள்ளி, மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் போகும்படி நிழலில் ஊன்றினால் சில வாரத்தில் துளிர்க்கும். வேலிக்கு ஓரடிக்கு ஒன்று, இரண்டு வரிசை, மாற்றி மாற்றி. மாவுப்பூச்சி வந்தால் சோப்புத் தண்ணீர்; கூடவே எறும்பையும் கவனிக்க வேண்டும், அதுதான் பூச்சியைக் கட்டிக் காக்கிறது.

குச்சியிலிருந்து குச்சி என்பதால் புதுச் செடி என்று ஒன்று கிடையாது. ஒரு லயத்திலிருந்து இன்னொரு லயத்துக்கு, கூலிமிலிருந்து லூனாஸுக்கு, கல்யாணமாகிப் போன பெண்ணின் பையில், எல்லாம் அதே செடிதான் நடந்து போகிறது. அதன் காட்டுப் பூர்வீகம் எதுவென்று தாவரவியலாருக்கே உறுதியாகத் தெரியாதாம். நல்லது, பூர்வீகம் கேட்கும் பாரம் இல்லாத ஒன்றாவது இந்த நாட்டில் இருக்கட்டும்.

1960 ஜூலை 28இல் இதைத்தான் தேசியப் பூவாக்கினார்கள், மலாயில் பூங்கா ராயா. மல்லிகை, தாமரை, மகிழம்பூ எல்லாம் போட்டியில் இருந்து தோற்றன. அப்போதைய பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் எங்கள் அலோர் ஸ்டாரில் பிறந்தவர். ஐந்து இதழும் நாட்டுக் கொள்கையான ருக்குன் நெகாராவின் ஐந்து கோட்பாடு என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். கோட்பாடு வந்தது 1970இல். பத்து வருடம் அர்த்தம் இல்லாமலே பூத்திருக்கிறது.

*

வேலியே பயிரை மேய்ந்தது என்று நாம் சொல்வதை மலாய்க்காரர்களும் சொல்கிறார்கள், 'பாகார் மாக்கான் பாடி' என்று. நெல்லை வேலி தின்றதாம். அலோர் ஸ்டார் பக்கத்து வயல்வெளியைப் பார்த்தவருக்கு அது வெறும் சொல் இல்லை. எங்களுக்கு லயத்தைக் காலி செய்யச் சொல்லிக் காகிதம் வந்த அன்று எங்களை வேலை வாங்கும் தண்டல் இதைத் தமிழில் ஒரு தடவை, மலாயில் ஒரு தடவை சொன்னார். வேறு எதுவும் சொல்லவில்லை.

*

நேற்று அங்கே போனேன். லயம் இருந்த இடம் முழுக்கச் செம்பனை. எது எங்கே இருந்தது என்று பிடிபடவில்லை. ஜெராய் மலை மட்டும் அதே திசையில். மண் பாதையின் ஓரமாக நடந்தபோது செம்பருத்தி தெரிந்தது. உரக் குப்பி, கொடி எல்லாம் சிக்கி, ஏழெட்டுப் புதர், வரிசை கலையாமல். நடுவில் ஓரிடம் வெறிதாக இருந்தது. அது அத்தையின் சந்துதானா, ஏதோ ஒரு செடி பட்டுப்போன இடமா, சொல்ல முடியாது.

நாலு குச்சி ஒடித்துக்கொண்டு வந்தேன். இன்று காலை தாமான் குடியிருப்பு வீட்டின் முன் ஊன்றினேன். இங்கே குத்தகைக்காரரின் ஆள்கள் மாதம் இருமுறை மோட்டார் வெட்டியோடு வந்து எல்லார் வாசல் செடியையும் ஒரே உயரத்துக்கு ஆக்கிவிட்டுப் போவார்கள்.

"அவனுங்க வந்தா நம்ம வாசல்ல கை வைக்க வேணாம்னு சொல்லு" என்றாள் அம்மா, நாற்காலியில் உட்கார்ந்தபடி.

"இன்னும் துளிர்க்கவே இல்லம்மா."

"இப்பவே சொல்லி வை."