ஆசனத்துக்கு முன்னே பேச்சு

பதஞ்சலி வகுத்த எட்டு அங்கங்களில் ஆசனம் மூன்றாவதுதான். முதலாவது இயமம்; அதில் முன்னே நிற்பவை அகிம்சையும் வாய்மையும். திருமூலரும் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் பொய் கூறாமையை இயமத்திலேயே வைத்துவிட்டு, அதன் பிறகே ஆசனத்துக்கு வருகிறார். யோகம் பயில்வோர் கூடுமிடத்தில் பேச்சும் பயிற்சியில் சேர்த்திதான். குற்றாலத்தில் சித்தேசுவரி பீடத்தை நிறுவிய மௌன சுவாமிகளைப் போல வாயை மூடியிருப்பது எல்லாருக்கும் கைவராது. மற்றவர்கள் பேசத்தான் செய்வார்கள்.

குற்றாலத்தில் சாரல் விழும் ஜூன் மாதத்தில்தான், 2015 முதல், 21ஆம் தேதி சர்வதேச யோகா தினமும் வருகிறது. தென்காசிப் பக்கத்தில் விரிப்பைச் சுருட்டியதும் பேச்சு தொடங்கிவிடும். "முதுகு வலிக்குது" என்றால் பத்துப் பேர் பத்து வைத்தியம் சொல்வார்கள். "புஜங்காசனத்தில் எழும்பும்போது இடது இடுப்பில் பிடிக்குது, மூச்சை விட்டால் குறையுது" என்றால் விஷயம் தெரிந்த ஒருவர் மட்டும் வாய் திறப்பார். கேள்வி கூர்மையானால் கூச்சல் குறையும்.

தலைகீழாக நின்ற பெருமையைச் சொல்பவருக்குக் கைதட்டல் கிடைக்கும், போகட்டும். தனக்கு நேர்ந்ததைத் தனக்கு நேர்ந்ததாகவே சொல்பவரால்தான் அடுத்தவருக்குப் பயன். தன் உடம்புக்கு ஒத்துக்கொண்டது என்பதற்காக, ரத்தக் கொதிப்பு உள்ளவரிடம் சிரசாசனத்தைச் சிபாரிசு செய்வது அகிம்சையில் சேராது. அது அவருக்கு ஆகுமா என்பதை மருத்துவரும் ஆசிரியரும் பார்த்துக்கொள்ள வேண்டும்.