தாயும் வேதசாட்சியும்

கி.பி. 203-ஆம் ஆண்டு மார்ச் 7-ஆம் நாள், வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரில், செப்டிமியுஸ் செவேருஸ் சக்கரவர்த்தியின் இளைய குமாரன் கேத்தாவின் ஜன்மதினக் கொண்டாட்டத்துக்காகக் காட்டு மிருகங்களின் முன் நிறுத்தப்பட்டு மாண்டவர்களாக மரபு கூறும் கிறிஸ்தவர்களுள் இரு பெண்கள் இருந்தனர். ஒருவர் விபியா பெர்பெத்துவா. நற்குலத்தில் பிறந்து கல்வி கற்றவர், வயது ஏறக்குறைய 22, பால்குடி மறவாத ஆண் குழந்தையின் தாய். மற்றவர் பெலிசித்தா; அடிமைப் பெண், சிறையில் எட்டு மாத கர்ப்பிணி. கத்தோலிக்கத் திருச்சபை இவ்விருவரையும் வேதசாட்சிகளாகப் பூசை மன்றாட்டிலேயே பெயர் சொல்லி நினைவுகூர்கிறது. ஆனால், சக்கரவர்த்தியின் நலனுக்காகப் பலி செலுத்த இசைந்தாலே நீங்கிவிடக்கூடிய மரணத்தை, சிசுவைக் கையில் வைத்திருக்கும் தாய் ஏற்பது தர்மமாகுமா என்ற கேள்வி அந்த வணக்கத்தின் ஒளியில் எளிதாக மறைந்துபோகிறது.

இக்கேள்வியை முதலில் எழுப்பியவர் பெர்பெத்துவாவின் தகப்பனாரே. தம் நரைத்த தலையைப் பாரென்றும், தாயின்றிப் பிழைக்கமாட்டாத பிள்ளையைப் பாரென்றும் அவர் மகளின் கைகளை முத்தமிட்டுக் காலில் விழுந்து அழுததையும், விசாரணை மண்டபத்தில் நடுவர் ஹிலாரியானுஸ் அம்முதியவரைக் கோலால் அடிக்கச் செய்தபோது அந்த அடி தம்மேல் விழுந்ததுபோல் வருந்தியதையும், பெர்பெத்துவா சிறையில் தம் கையாலேயே எழுதிவைத்தார். தகப்பனாரின் வாதத்தில் பிழை காண்பது கடினம். மகளும் அதில் பிழை காணவில்லை, இணங்கவுமில்லை.

தேவ அன்பின் முன் பந்தபாசம் துச்சம் என்று சொல்லிவிடுவது சுலபமான விடை. அதைப் பெர்பெத்துவாவின் ஏடே ஏற்காது. பசியால் சோர்ந்த குழந்தைக்குப் பாலூட்டியதையும், தேர்த்தியுஸ், பொம்போனியுஸ் என்ற தியாக்கோன்மார் காவலருக்குப் பணம் கொடுத்துச் சில நாழிகை நல்ல இடம் பெற்றுத் தந்ததையும், குழந்தை தம்முடன் தங்க அனுமதி கிடைத்ததும் சிறையே அரண்மனைபோல் ஆனதையும் எழுதிய கை பாசமற்ற கை ஆகாது. குழந்தையைப் பணயமாக வைத்து மனச்சாட்சியை விலைபேசியது நியாயஸ்தலம்; ஆகவே அப்பிள்ளை தாயை இழந்த பழியும் நியாயஸ்தலத்தையே சாரும் என்பதுதான் நேர்மையான தீர்ப்பாகத் தோன்றுகிறது.

பெலிசித்தாவின் வரலாறோ இத்தீர்ப்புக்குள் எளிதில் அடங்குவதில்லை. கர்ப்பிணியைக் கொல்லலாகாது என்பது அன்றைய சட்டம். அவரோ அந்தத் தவணையையே அஞ்சினார். பிறகு குற்றவாளிகளோடு தனியாகச் சாக நேருமே என்ற கவலையில் தோழர்களும் சேர்ந்து ஜெபிக்க, எட்டாம் மாதத்திலேயே பெண் குழந்தை பிறந்தது. சபையைச் சேர்ந்த ஒரு சகோதரி அதை எடுத்து வளர்த்தாள். அடிமையின் வயிற்றுப் பிள்ளை எஜமானனின் உடைமை என்று வகுத்த ரோம சட்டத்தின்கீழ், தவணையால் அத்தாய்க்குக் கிடைத்திருக்கக்கூடியது மிகச் சொற்பமே என்று சமாதானம் சொல்லலாம். அந்தச் சமாதானம் முழுமையானதன்று. பெலிசித்தா தம் கையால் எழுதிய வரி ஒன்றும் இல்லாமையால் அவர் தரப்பை அவர் வாயால் கேட்கவும் வழியில்லை.

அரங்கில் இருவரையும் ஆடை களைந்து நிறுத்தியபோது, அப்போதுதான் பிள்ளை பெற்ற பெலிசித்தாவின் மார்பில் பால் சொட்டியதைக் கண்டு ஜனங்கள் திடுக்கிட்டனர். உடனே இருவரையும் உள்ளே அழைத்துத் தளர்ந்த அங்கி உடுத்தி மறுபடி கொண்டுவந்தார்கள். கண் கூசியதை மூடியதோடு ஜனங்களின் இரக்கம் தீர்ந்தது, வேடிக்கை தொடர்ந்தது.

ரோமைப் பூசை மன்றாட்டில் பெலிசித்தா, பெர்பெத்துவா, ஆகத்தா, லூசியா, ஆக்னேஸ், செசிலியா, அனஸ்தாசியா என்ற ஏழு பெயர்கள் வருகின்றன. கன்னியர் பலர் உள்ள வரிசையில் தாய்மார் இருவர் முன்னே நிற்பதும், அடிமையின் பெயர் குலமகளின் பெயருக்கு முந்துவதும் கவனிக்கத்தக்கவை. ஆயினும் பெயர் மட்டும் ஒலிக்குமிடத்தில் அந்தத் தகப்பனாருக்கும் இரு சிசுக்களுக்கும் இடமில்லை. ஆப்பிரிக்கச் சபைகளில் திருநாளன்று வரலாறு முழுவதும் வாசிக்கப்பட்டது. அகுஸ்தீனார் அதையொட்டிப் பிரசங்கித்தார். முதியவரின் அழுகையும் கோவிலுக்குள்ளேயே கேட்கப்பட்டது. 1970-ஆம் ஆண்டுப் பூசைப் புத்தகத்திலோ அவ்வேழு பெயர்களும் அடைப்புக்குறிக்குள் உள்ளன. குரு விரும்பினால் விட்டுவிடலாம். பெயர்களுக்கே இந்நிலை என்னும்போது முழு வரலாற்றுக்கு இடம் கேட்பது மிகையாகப் படலாம். ஆனால் மார்ச் 7-இல் பிரசங்கம் செய்யும் குருமாருக்குப் பெர்பெத்துவாவின் ஏடு கைக்கெட்டாத நூலன்று.