மண்ணைக் குத்தகைக்கு விடலாம்

மாஞ்சோலையில் 8,373 ஏக்கர் மலைக்காட்டைச் சிங்கம்பட்டி ஜமீன் 1929இல் பம்பாய் பர்மா டிரேடிங் கார்ப்பரேஷனுக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. குத்தகை முடிய வேண்டிய ஆண்டு 2028. கம்பெனி 2024இலேயே தேயிலை வேலையை நிறுத்திக்கொண்டது. மண்ணைப் பொறுத்தவரை இது எளிய கணக்கு. எடுத்தவர் திருப்பிக் கொடுப்பார், காடு மறுபடி காடாகும். தலைமுறை தலைமுறையாக அங்கே கொழுந்து பறித்தவர்களை யாரிடம் திருப்பிக் கொடுப்பது? குத்தகைச் சீட்டில் அதற்கு ஒரு வரியும் கிடையாது. ஒரு நிறுவனத்துக்கு ஆள் சேர்த்துக் கொடுத்து, அந்த ஆட்களைத் தன் பேரேட்டிலேயே வைத்துக்கொள்ளும் இன்றைய தொழிலை எடைபோட இந்தக் கேள்விதான் சரியான தராசு. ஒருவரின் உழைப்பை அவரிடமிருந்து தனியே கழற்றி இன்னொருவருக்கு வாடகைக்கு விட முடியுமா? முடியாது என்பதே என் முடிவு. அதனால், உழைப்பின் பலன் யார் கைக்குப் போகிறதோ, உழைத்தவருக்குப் பட்ட கடனும் அவரையே சேரும். நடுவில் எத்தனை பேர் நின்றாலும் அது கைமாறாது.

தாமிரபரணிக் கரைக்கு இந்தத் தொழில் புதிதல்ல. இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்கள் தூத்துக்குடிப் பக்கம் தட்டப்பாறை முகாம் வழியாகக் கப்பலேறிய காலம் உண்டு. அவர்களைத் திரட்டிக்கொண்டு போனவர் கங்காணி. கண்ணால் காண்பவர், மேற்பார்ப்பவர் என்று பொருள். முன்பணம் கொடுத்தார், வழிச்செலவைப் பார்த்துக்கொண்டார், தோட்டத்தில் மேஸ்திரியாகவும் நின்றார். அவர் கூட்டத்தில் ஒருவர் வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு நாளுக்கும் தலைக்கு இவ்வளவு என்று தோட்டம் அவருக்குத் தனியே காசு கொடுத்தது. தொழிலாளி வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் கையில் ‘துண்டு’ வேண்டும். அவர் எவ்வளவு கடன்பட்டிருக்கிறார் என்பது அந்தச் சீட்டில் எழுதப்பட்டிருக்கும். அதை அடைக்கும் தோட்டம் அவரை எடுத்துக்கொள்ளும். சட்டப்படி அங்கே யாரும் மனிதரை விற்கவில்லை, கடன்தான் கைமாறியது. ஆனால் கடன் போன இடத்துக்கெல்லாம் மனிதரும், மனைவி மக்களோடு போக வேண்டியிருந்தது. உழைப்பு தனிச் சரக்கு, மனிதர் வேறு என்று நம்பிய ஏற்பாடு எங்கே போய் நிற்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். இலங்கை அரசு 1921இல் துண்டை ஒழித்தது. உழைப்பு ஒரு சரக்கல்ல என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு பிலடெல்பியாவில் அறிவித்தது 1944இல்.

நான்கு ஆண்டு கழித்து, 1948இல், அமெரிக்காவின் மில்வாக்கியில் இரண்டு வழக்கறிஞர்கள் ‘மேன்பவர்’ என்ற ஆள் சேர்த்துக் கொடுக்கும் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். தமிழ்நாட்டில் இத்துறையின் பெரிய பெயராக இருந்தது மாஃபா. சிவகாசிப் பக்கத்துக்காரரான பொறியியல் பட்டதாரி பாண்டியராஜனும் அவர் மனைவி லதா ராஜனும் 1992இல் சென்னையில் தொடங்கியது அது. 2004இல் நெதர்லாந்தின் வெடியார் நிறுவனத்திடம் போய், 2008இல் வெடியாரோடு ராண்ட்ஸ்டாட் கைக்கு வந்தது. மாஃபா என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கு ‘என் விசுவாசம்’, ‘என் வாக்கு’ என்று பொருள். ஆள் சேர்க்கும் நிறுவனம் தனக்கு வைத்துக்கொள்ளத்தக்க மிகக் கனமான பெயர் அது. இந்த நிறுவனங்களைக் கங்காணியோடு ஒரே தட்டில் வைக்கலாமா என்பது நியாயமான ஆட்சேபம். வைக்கக் கூடாது என்றே நானும் சொல்வேன். பாளையங்கோட்டை அரசு பொறியியல் கல்லூரியில் படித்து முடித்த, சிபாரிசுக்கு ஆளில்லாத ஒரு பிள்ளைக்குச் சாதியும் சொந்தமும் திறக்காத கதவை இவை திறந்திருக்கின்றன. ஒழுங்கானவை பி.எஃப்., இ.எஸ்.ஐ. கட்டுகின்றன. கடனைக் காட்டி யாரையும் பிடித்து வைப்பதில்லை. ஆனாலும் ஒரு வகையில் இவை கங்காணியைவிடத் தொலைவில் நிற்கின்றன. கங்காணிக்கு ஆளின் ஊரும் பேரும் தெரியும். இன்றோ வேலை வாங்குபவர் ‘அவர் நம்ம ரோல் இல்லையே’ என்பார், சம்பளம் போடுபவர் அந்த ஆலை வாசலையே மிதித்திருக்க மாட்டார். ஒரே இயந்திரத்தின் முன் நிற்கும் இருவரில் ஒருவர் ஆன்-ரோல், மற்றவர் கான்ட்ராக்ட். கைவேலையில் வேறுபாடு இல்லை, கூலியில் இருக்கிறது.

சமய நூல்கள் இதில் தெளிவாக இருக்கின்றன. திராட்சத்தோட்டத்து உவமையில் எஜமான் விடியற்காலையிலிருந்து ஐந்து முறை தானே கடைத்தெருவுக்குப் போய் ஆளைக் கூப்பிடுகிறார். மாலையில் கூலியைக் கொடுக்கக் காரியக்காரன் ஒருவன் இருக்கிறான். ஆனால் கடைசியில் வந்தவர்களுக்கும் அதே கூலியா என்று முறுமுறுத்தவர்களுக்குப் பதில் சொல்வது எஜமான்தான். காரியக்காரனிடம் கேட்டுக்கொள் என்று அவர் கைகாட்டவில்லை. வியர்வை காய்வதற்குள் கூலியைக் கொடுக்கச் சொல்லும் நபிகளின் போதனையும் வேலை வாங்கியவரைப் பார்த்தே பேசுகிறது. வள்ளுவர் ‘தெரிந்து வினையாடல்’ என்று ஒரு அதிகாரமே வைத்தார். வேலையை ஒப்படைப்பவர் ஆளைத் தெரிந்திருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. பலனை எதிர்பாராமல் உழைக்கச் சொல்லும் கீதையையும், அவரவர் வினை என்னும் நம்பிக்கையையும் சிலர் மறுப்பாகக் காட்டுவார்கள். கீதையின் அறிவுரை செய்பவர் தன் மனத்துக்குச் சொல்லிக்கொள்ள வேண்டியது. கூலி கொடுக்க வேண்டியவர் அதை எடுத்து அடுத்தவருக்கு உபதேசிக்க உரிமையில்லை. வினைக்கொள்கையை முழுதாக நம்புகிறவருக்கோ பொறுப்பு இன்னும் கூடுகிறது. பிறர் உழைப்பை வாங்குவதும் ஒரு வினை, அதை ஏஜென்சி பேரில் எழுதிவைக்க முடியாது.

நம் சட்டமும் இந்த உண்மையைப் பாதி ஒப்புக்கொண்டது. ஒப்பந்ததாரர் கூலி தராவிட்டால் முதன்மை வேலையளிப்பவர் தர வேண்டும் என்றது 1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம். கோழிக்கோட்டுக் கயிற்றுத் தொழிலாளர் வழக்கில், பிழைப்பின் பிடி யார் கையில் இருக்கிறதோ அவரே உண்மையான முதலாளி என்று நீதிபதி கிருஷ்ணய்யர் 1978இல் தீர்ப்பெழுதினார். பிறகு நாம் பின்வாங்கினோம். ஒப்பந்த முறை தடைசெய்யப்பட்ட வேலையிலும் தொழிலாளர் தாமாகவே நிரந்தரமாகிவிட மாட்டார்கள் என்று உச்ச நீதிமன்றம் 2001இல் சொன்னது. 20 ஒப்பந்தத் தொழிலாளர் இருந்தாலே 1970ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தியது; அந்த வரம்பை 2020ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு 50 பேராக உயர்த்தியது. தொழிலாளியே சம்மதித்துத்தானே வருகிறார், ஏஜென்சிக்குப் பணம் கட்டிய பிறகும் ஆலை ஏன் பொறுப்பேற்க வேண்டும் என்று கேட்கலாம். அவர் சம்மதித்தது வேலைக்கு. விபத்தில் கை போனால் ஆலைக்கு யாருமில்லாதவராக நிற்க அவர் சம்மதிக்கவில்லை. ஏற்ற இறக்கமுள்ள தொழிலுக்குத் தற்காலிக ஆட்கள் வேண்டும் என்பதையும் மறுக்கவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருவரை எடுத்தால், அந்த ஆறு மாதத்துக்கும் அவர் உங்கள் ஆள்.

கல்லூரிகளும் மருத்துவமனைகளும் கோயில்களும் தேவாலயங்களும் பள்ளிவாசல்களும் நிறைந்த ஊர் பாளையங்கோட்டை. இவற்றில் எதன் நிர்வாகத்தில் நீங்கள் இருந்தாலும், காவலுக்கும் கூட்டிப் பெருக்குவதற்கும் ஏஜென்சி அனுப்பும் ஆட்களின் பெயர்களைத் தெரிந்துகொள்ளுங்கள். ஏழாம் தேதி அவர்களைக் கூப்பிட்டு, சம்பளம் முழுதாக வந்ததா, பி.எஃப். கட்டியிருக்கிறார்களா என்று நீங்களே கேளுங்கள். வரவில்லை என்றால் கொடுக்க வேண்டியது நீங்கள்.