கண்காணிப்பவரை எதைக் கொண்டு அளப்பது?

பண்ருட்டியை அடுத்த திருவதிகை வீரட்டானத்துக்குப் போகிறவர்களுக்கு நாவுக்கரசர் கதை தெரியாமல் இராது. சமணத்தில் தருமசேனராக இருந்தவர் ஊர் திரும்பி, தமக்கை திலகவதியாரின் வழியில் சைவராகிறார். பாடலிபுத்திரத்துச் சமணர்கள் பல்லவ மன்னனிடம் போய் அவர்மீது குற்றம் சொல்கிறார்கள். மன்னன் அதை அப்படியே நம்பிவிடுகிறான். சேக்கிழார் சொல்லும்படி, தகவல் கொடுத்தவர்களே தண்டனையையும் எடுத்துச் சொல்கிறார்கள். ஏழு நாள் சுண்ணாம்புக் காளவாய், பிறகு நஞ்சு, யானை, கடைசியில் கல்லோடு கட்டிக் கடல். எல்லாவற்றையும் தாண்டி அவர் கரையேறிய பின்பே மன்னன் மனம் மாறி, அதிகையில் குணபரவீச்சரம் என்ற கோயிலை எழுப்புகிறான்.

பக்தர்கள் இதைத் திருவருளின் கதையாகப் படிப்பது முறையே. அரசியலறத்தை எண்ணிப் படிப்பவர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்த அரசின் பிழை வெளிப்பட்டதற்கு ஒரே காரணம், பாதிக்கப்பட்டவர் உயிரோடு திரும்பி வந்ததுதான். அற்புதம் வாய்க்காத ஒரு சாதாரண மனிதர் அந்தக் காளவாயில் கிடந்திருந்தால், அரசன் தவறு செய்தான் என்பதே யாருக்கும் தெரிந்திராது. தகவல் சேர்ப்பவர், அதை எடைபோடுபவர், ஆணையிடுபவர் எல்லோரும் ஒரே பக்கத்தில் நிற்கும்போது பிழை தானாக வெளியே வருவதில்லை.

வள்ளுவரும் இந்த ஆபத்தை அறிந்தவர். ஒற்றாடல் அதிகாரத்தில், ஓர் ஒற்றன் கொண்டுவந்த செய்தியை இன்னோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்கச் சொல்கிறார். ஆனால் அந்தச் சோதனை அரசனைப் பொய்ச் செய்தியிலிருந்து காப்பது. ஒற்றப்படுகிறவனைக் காக்க வேண்டும் என்ற கவலை மக்களாட்சியோடு வந்தது. அதற்காகப் பல நாடுகள் உளவு அமைப்புகளுக்கு வெளியே நின்று அவற்றைக் கண்காணிக்கும் குழுக்களை அமைத்தன. அந்தக் குழுக்கள் ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்பதை எதைக் கொண்டு அளப்பது என்பதுதான் அடுத்து எழும் கேள்வி.

இந்தியாவிலிருந்தே தொடங்கலாம். உளவுத்துறை 1887-இல் தொடங்கியது. வெளிநாட்டு உளவுக்கான ரா 1968-இல் உருவானது. இரண்டையும் நிறுவி, அதிகார எல்லை வகுத்த நாடாளுமன்றச் சட்டம் எதுவும் இல்லை. அதற்காக 2011-இல் நாடாளுமன்ற உறுப்பினர் மனீஷ் திவாரி கொண்டுவந்த தனிநபர் மசோதா சட்டமாகவில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை இவ்விரு அமைப்புகளுக்கும் விலக்கு அளிக்கிறது. ஊழலும் மனித உரிமை மீறலும் பற்றிய தகவல்களுக்கு மட்டுமே அந்த விலக்கு பொருந்தாது.

தொலைபேசி ஒட்டுக்கேட்பில் ஒரு மேற்பார்வை உண்டு. மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு அதற்கு வழிவகுத்தது. 2007-இல் தந்தி விதிகளில் சேர்ந்த 419ஏ அதற்கு வடிவம் கொடுத்தது. உள்துறைச் செயலாளர் ஆணையிடுவார். அமைச்சரவைச் செயலாளர் தலைமையில் சட்டத்துறை, தொலைத்தொடர்புத் துறைச் செயலாளர்கள் அடங்கிய மறுஆய்வுக் குழு இரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது கூடி அந்த ஆணைகளைப் பார்க்கும். மாநிலத்தில் தலைமைச் செயலாளர் தலைமையில் இதேபோல ஒரு குழு. நீதிபதியோ எதிர்க்கட்சி உறுப்பினரோ இந்தக் குழுக்களில் கிடையாது. ஆணையிடுபவரும் அதை ஆராய்பவரும் ஒரே அரசின் செயலாளர்கள்.

இந்தக் குழு எப்படி இயங்குகிறது? மத்திய அரசு மட்டும் மாதத்துக்கு 7,500 முதல் 9,000 வரை ஒட்டுக்கேட்பு ஆணைகள் பிறப்பிப்பதாக ஒரு தகவல் அறியும் மனுவுக்குப் பதில் வந்தது. அதை எடுத்துக்காட்டிய, தரவுப் பாதுகாப்பு பற்றிய நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு, ஒவ்வொரு கூட்டத்திலும் 15,000 முதல் 18,000 ஆணைகளைப் பரிசீலிப்பது நடைமுறைக்கு ஒவ்வாதது என்று 2018 அறிக்கையில் எழுதியது. கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று செயலாளர்களும் வேறு வேலையே இல்லாமல் எட்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் ஓர் ஆணைக்கு இரண்டு விநாடிகூடக் கிடைக்காது. அதற்குள் பெயரைக்கூடப் படித்து முடிக்க முடியாது. காரணத்தை எப்படி எடைபோடுவது? இருந்தும் ஆண்டு இறுதியில், கூட்டங்கள் விதிப்படி நடந்தன, ஆணைகள் அனைத்தும் பரிசீலிக்கப்பட்டன என்று எழுதிவிட முடியும். அந்த வாக்கியம் பொய்யாகவும் இராது.

அதனால்தான் எத்தனை முறை கூடினார்கள், எத்தனை கோப்புகளைப் பார்த்தார்கள் என்ற எண்ணிக்கைகளை நம்ப முடியாது. அவை உழைப்பின் அளவைக் காட்டலாம். நீதியின் அளவைக் காட்டா. சரி, எத்தனை ஆணைகளை மறுத்தார்கள் என்று பார்க்கலாமா? அமெரிக்காவின் வெளிநாட்டு உளவுக் கண்காணிப்பு நீதிமன்றம் 1979 முதல் 2012 வரை 33 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அனுமதிகளை வழங்கியது; மறுத்தவை ஏறத்தாழ ஒரு டஜன். இது வெறும் ரப்பர் ஸ்டாம்ப் என்றார்கள் விமர்சகர்கள். விண்ணப்பங்களைத் திருத்தி வாங்கிய பிறகே ஒப்புக்கொள்கிறோம் என்றது மறுபக்கம். இரண்டிலும் உண்மை இருக்கலாம். மறுப்பு எண்ணிக்கையையே அளவுகோலாக்கினால், கணக்குக் காட்டுவதற்காகச் சில ஆணைகளைத் தள்ளுபடி செய்யும் குழு நல்ல பெயர் வாங்கிக்கொள்ளும்.

சரியான அளவுகோல் வேறு இடத்தில் இருக்கிறது. தான் கண்காணிக்கப்பட்டதே தெரியாத மனிதரின் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். அவர் புகார் கொடுக்க மாட்டார், வழக்குப் போட மாட்டார். அவருக்கு நேர்ந்த தவறை அவருக்காகக் கண்டுபிடிக்கக் கூடியவர் இந்த மேற்பார்வையாளர் ஒருவரே. ஆகவே மேற்பார்வையின் தரம், பாதிக்கப்பட்டவரின் கூக்குரலோ பத்திரிகைச் செய்தியோ வருவதற்கு முன்னால் எத்தனை தவறுகளை அது தானே கண்டுபிடித்தது என்பதில் இருக்கிறது. கண்டுபிடித்த பின் அமைப்பின் நடைமுறை மாறியதா, நிவாரணம் எவ்வளவு காலத்தில் கிடைத்தது என்பவையும் இதே அளவுகோலின் பகுதிகள்.

இந்த அளவுகோலை நம் வழக்குகள் மீது வைத்துப் பார்த்தால் நெஞ்சு பதறுகிறது. சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2025 ஜூலை 2 அன்று ஒரு தீர்ப்பளித்தார். சி.பி.ஐ. ஒருவரின் தொலைபேசியை ஒட்டுக்கேட்க உள்துறை 2011 ஆகஸ்டில் கொடுத்த ஆணையை ரத்து செய்தார். பொது அவசரநிலையோ பொதுப் பாதுகாப்புக்கு ஆபத்தோ இல்லாத நிலையில் பிறந்த ஆணை அது. ஒட்டுக்கேட்டவற்றை மறுஆய்வுக் குழுவின் முன் வைக்கவும் இல்லை. சி.பி.ஐ. உளவு அமைப்பு அல்ல. ஆனால் ஒட்டுக்கேட்புக்கு இரண்டுக்கும் சட்டமும் ஒன்று, குழுவும் ஒன்று. அந்தத் தவறு வெளிப்பட ஏறத்தாழ 14 ஆண்டுகள் ஆயின. வெளிப்பட்டதும் அவர் மீது வழக்கு இருந்ததால்தான். வழக்கே பதிவாகாமல் ஒட்டுக்கேட்கப்பட்டவர்களின் கதி என்ன? அவர்களைப் பற்றிய ஆவணங்களும் மிஞ்சாது. நடைமுறைத் தேவை இருந்தாலொழிய ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவற்றை அழித்துவிட வேண்டும் என்றது 2024 வரை நடப்பில் இருந்த அதே 419ஏ விதி. தனியுரிமைக்காக எழுதிய அந்த விதி, மேற்பார்வையை அளக்க வேண்டிய சான்றையும் சேர்த்தே அழித்தது.

நாகர்கோவிலில் பிறந்த இஸ்ரோ விஞ்ஞானி நம்பி நாராயணன் 1994 நவம்பரில் உளவு பார்த்ததாகக் கைதானார். உளவுத்துறை அதிகாரிகள் அவரை விசாரித்தார்கள். 1996-இலேயே அந்தக் குற்றச்சாட்டில் உண்மை இல்லை என்று சி.பி.ஐ. சொல்லிவிட்டது. 50 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொல்லி உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது 2018 செப்டம்பரில். 24 ஆண்டுகள். இடைப்பட்ட காலத்தில் அந்த அதிகாரிகள் செய்ததைத் தானாக எடுத்து ஆராயும் கடமை கொண்ட சுதந்திரமான அமைப்பு ஒன்றும் இந்நாட்டில் இல்லை. நாவுக்கரசரைப் போல அவரும் பிழைத்து வந்து பேசியவர், விடாமல் போராடியவர். அவருடைய மன உறுதியைப் போற்றலாம். ஆனால் ஒரு குடிமகனுக்கு நீதி கிடைக்க அத்தனை உறுதி தேவைப்படுவது அறமாகாது.

எதிர்வாதத்துக்கும் கனம் உண்டு. எல்லாவற்றையும் வெளியிட்டால் உளவு என்பதே இல்லாமல் போகும், மக்கள் உயிருக்கு ஆபத்து என்பார்கள். இலங்கையில் 2019 ஈஸ்டர் நாளில் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் நடந்த குண்டுவெடிப்பில் குழந்தைகளும் இறந்தார்கள். நாடு முழுவதும் 260-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அங்கே உளவு இல்லாமல் போகவில்லை. இந்தியாவிலிருந்து ஏப்ரல் 4-ஆம் தேதியே எச்சரிக்கை போயிருந்தது. அதைக் கேட்டு யாரும் செயல்படவில்லை. முன்னாள் அதிபர் சிறிசேனா பத்துக் கோடி ரூபாய் தர வேண்டும் என்றும், அரசு உளவுப் பிரிவின் தலைவராக இருந்தவரும் இழப்பீடு தர வேண்டும் என்றும் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் தீர்ப்பளித்தது. ஆக மேற்பார்வை என்பது அத்துமீறலை மட்டும் எண்ணுவது அல்ல. செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டதையும் கேட்பது. அது உளவுக்குப் பகையன்று.

வெளியார் குழு அமைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புவதற்கும் இல்லை. பிரிட்டனில் நீதிபதிகளாக இருந்தவர்கள் மேற்பார்வை செய்கிறார்கள்; ஆண்டுதோறும் பிழைகளைக் கணக்கிட்டு வெளியிடுகிறார்கள். இருந்தும் அந்நாட்டு உள்நாட்டு உளவு அமைப்பான எம்.ஐ.5 சேகரித்த தகவல்களைச் சட்டத்துக்குப் புறம்பாக வைத்திருந்தது 2014 இறுதியிலிருந்து ஆண்டுக்கணக்கில் நீடித்தது. அமைப்பே சொன்ன பிறகுதான் மேற்பார்வை ஆணையருக்குத் தெரிந்தது. 2023-இல் அங்குள்ள தீர்ப்பாயம் அதைக் கடுமையாகக் கண்டித்தது. ஆனாலும் அந்தத் தோல்வியை அந்நாட்டு மக்களால் தேதியோடு சொல்ல முடிகிறது. நம்மால் நம் குழுவின் தோல்வியையோ வெற்றியையோ சொல்ல முடியாது. அளக்கவே முடியாத காவலைக் காவல் என்று அழைப்பது மக்களுக்குப் பொய்யான நிம்மதி தருவது. காவலே இல்லை என்று ஒப்புக்கொள்வதைவிட அது கொடியது.

பெயர்கள் வேண்டாம், வழக்கு விவரங்கள் வேண்டாம். எத்தனை ஆணைகள் பிறந்தன, மறுஆய்வுக் குழு எத்தனையை ரத்து செய்தது, எத்தனை தவறுகளை அது தானே கண்டுபிடித்தது, ரத்தானபின் எத்தனை பேருக்கு அது தெரிவிக்கப்பட்டது என்ற நான்கு எண்களை வெளியிடுவதால் எந்த உளவும் கெடாது. கடலூர், சிதம்பரம் தொகுதிகளின் மக்களவை உறுப்பினர்கள் இந்த நான்கையும் உள்துறையிடம் கேள்வியாக எழுப்பலாம். பண்ருட்டியின் சட்டமன்ற உறுப்பினர் தலைமைச் செயலாளரின் குழுவைப் பற்றிச் சட்டமன்றத்தில் கேட்கலாம். கேட்கச் சொல்லி வாக்காளர்கள் ஆளுக்கொரு கடிதம் எழுத வேண்டும்.