ஓய்வுநாளை விற்கலாமோ?

வாணிகஞ் செய்வோன் தன் கடையைத் தான் விரும்பிய நாளிலே திறத்தற்கும் பூட்டுதற்கும் முழுவுரிமை யுடையனோ என்னும் வினா, பெருநாட் காலங்களிலே பல தேசங்களில் எழுகின்றது. பொருள் கொள்வோர் பெருகுவதும், கடையில் ஊழியஞ் செய்வோர் தம் மனையாரோடிருக்க விரும்புவதும் அக்காலத்திலேயே யாதலின், இவ்விரண்டும் ஒன்றோடொன்று முரணுகின்றன. ஜேர்மனி தேசத்து நியாயஸ்தலம் இதனைத் தீர்த்த முறை ஊன்றி நோக்கற்பாலது.

அத்தேசத்திலே கடை மூடும் நேரத்தை வரையறுக்கும் அதிகாரம் 2006ஆம் ஆண்டில் நடுவரசினின்றும் மாகாணங்களுக்குச் சென்றது. பேர்லின் மாகாணம் அவ்வாண்டிலேயே புதுச்சட்டம் இயற்றி, கிழமையில் ஆறு நாளும் இரவு பகலாகக் கடை திறக்கலாமென்றும், நத்தார்ப் பண்டிகைக்கு முன்வரும் நான்கு ஞாயிற்றுக்கிழமைகளிலும் பகல் 1 மணி முதல் இரவு 8 மணி வரை திறக்கலாமென்றும் விதித்தது. அந்நான்கும் கிறிஸ்தவர்கள் அப்பண்டிகைக்குத் தம்மை ஆயத்தஞ்செய்யும் நாட்கள். கத்தோலிக்க, புரொட்டஸ்தாந்து சபையார் வழக்குத் தொடுத்தனர். 2009ஆம் ஆண்டு டிசெம்பர் 1ஆந் திகதி அரசியற்சட்ட நியாயஸ்தலம், நான்கு ஞாயிறுகளையுந் தொடர்ச்சியாகக் கொள்ளும் அவ்விதி அரசியற்சட்டத்திற்கு முரணென்று தீர்த்தது. ஞாயிற்றுக்கிழமையும் பெருநாட்களும் தொழிலோய்வுக்கும் ஆன்மவுயர்ச்சிக்கும் உரியனவாகக் காக்கப்படுமென்பது 1919ஆம் ஆண்டு வைமார் அரசியற்சட்டத்தின் 139ஆம் பிரிவு. அது 1949ஆம் ஆண்டு அடிப்படைச் சட்டத்தினுள்ளுஞ் சேர்க்கப்பெற்று இன்றும் நிலவுகின்றது. கடைக்காரரது இலாபநோக்கமும் கொள்வோரது அன்றாட விருப்பமும் அந்நாளைக் குலைத்தற்குப் போதிய ஏதுவாகா என்பது தீர்ப்பின் சாரம்.

“விரும்புவோர் திறக்க, விரும்பாதோர் பூட்டுக, இதில் அரசுக்கு என்னை?” என்பாருமுளர். அங்ஙனமன்று. ஒரு தெருவிற் பத்துக் கடைகளிருப்ப, ஒருவன் திறந்தால், கொள்வோர் அவன்பாற் செல்வரென அஞ்சி இரண்டாமவனுந் திறப்பான். பத்தாமவன் திறப்பது விருப்பத்தாலன்று, வேறு வழியின்மையால். அவனிடத்துக் கூலிக்கு நிற்போனது நிலையோ இதனினும் இழிந்தது. “ஞாயிறு வரக்கூடுமோ?” என முதலாளி கேட்குமிடத்து, “கூடாது” என்னுஞ் சொல் அடுத்த மாதச் சம்பளத்தை நினைப்பவன் நாவில் எளிதில் எழுமோ? இதனை இணக்கமென்றல் சொல்லளவேயாம்.

அற்றேல், வேறொரு நாளில் ஓய்வளித்தாற் போதாதோ எனின், போதாது. தாய்க்குச் செவ்வாய்க்கிழமை ஓய்வு. அன்று பிள்ளை பள்ளியில், கணவன் தொழிலில். அவள் உடல் இளைப்பாறும்; குடும்பங் கூடாது. எல்லாரும் ஒருங்கே ஓய்ந்திருத்தலின் பயனை நியாயஸ்தலமும் எடுத்துக் கூறிற்று. ஓய்வு ஒருவன் தனித்து விற்றற்குரிய பொருளன்று. பலர்க்கும் பொதுவாயுள்ள குளம் போல்வது. ஒவ்வொருவருந் தத்தம் வாய்க்காலை வெட்டிக்கொண்டால் குளம் எங்கேயிருக்கும்? வைத்தியசாலையும் புகைவண்டியும் ஓயமாட்டா வென்பது உண்மையே. நோயாளிக்கு மருந்து கொடுத்தலும், நாம் இளைப்பாறும் நாளிலே பிறனொருவன் நமக்குச் சீலை விரித்துக் காட்டி நிற்றலும் ஒன்றாமோ?

எளிதில் தள்ளலாகாத ஆட்சேபமொன்றுண்டு. ஒரு சமயத்தாரது புனிதநாளை ஏனைச் சமயத்தார் ஏன் அநுட்டிக்க வேண்டும்? சட்டங் கேட்பது கடையைப் பூட்டுதலையேயன்றித் தொழுதலையன்று என்பது ஒருவாறு விடையாகும். அத்தேசத்து ஹம் நகரிலே, 2002ஆம் ஆண்டிற் கும்பாபிஷேகங் கண்ட ஸ்ரீ காமாட்சி அம்பாள் ஆலயத்துத் தேர்த்திருவிழா ஞாயிற்றுக்கிழமையிலே நிகழ்கின்றது. ஈழத்தினின்றும் புலம்பெயர்ந்த சைவர்கள் பற்பல நகரங்களிலிருந்தும் ஆயிரக்கணக்கில் வந்து வடம் பிடிப்பது, பிறர் சமயத்தின் பொருட்டு வரையறுக்கப்பட்ட ஓய்வினாலேயே கைகூடுகின்றது. ஆயினும், தீபாவளி வேலைநாளில் வருமாயின், அச்சைவர்களுட் கடையூழியஞ் செய்வோர் முதலாளியிடம் விடுமுறை இரந்தே பெறல்வேண்டும்; அக்குறையை அத்தீர்ப்புத் தீர்த்திலது.