வெளிச்சத்தின் கடன்

2023 டிசம்பர் 3, ஆகமன காலத்தின் முதல் ஞாயிறு. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மனத்தைத் தயார்செய்யும் நான்கு வாரங்கள் அன்று தொடங்கின. பல ஆலயங்களில் இலை வளையத்தில் வைத்த நான்கு மெழுகுவர்த்திகளில் முதலாவதை அன்றுதான் ஏற்றினார்கள். அன்றிரவே மிக்ஜாம் புயலின் மழை வலுத்தது. மறுநாள் வடசென்னையின் தாழ்வான தெருக்கள் தண்ணீரில் நின்றன, கரண்ட் இல்லை. வெள்ளத்தோடு வெள்ளமாக மணலித் தொழிற்பேட்டையிலிருந்து எண்ணெய் கலந்த நீர் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, கொசஸ்தலையாற்றோடு சேர்ந்து எண்ணூர் முகத்துவாரத்துக்குப் போனது. அலையாத்திச் செடிகளின் தண்டில் கறுப்பு ஏறியது. ஃபைபர் படகுகளிலும் வலைகளிலும் எண்ணெய் பிசின் மாதிரி ஒட்டிக்கொண்டது. அப்படி ஊறிய வலை பிறகு கடலுக்கு உதவாது. மீனவர்களே படகில் போய், பக்கெட்டும் கையுமாக எண்ணெயை மொண்டு டிரம்மில் ஊற்றினார்கள். ஆலயங்களில் இரண்டாவது, மூன்றாவது மெழுகுவர்த்திகள் ஏற்றப்பட்ட வாரங்களில் முகத்துவாரத்தில் நடந்த வேலை இதுதான். விழாவுக்கு மறுநாள், 26ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி, எண்ணூர் பெரியகுப்பத்தில் உரத் தொழிற்சாலைக்குப் போகும் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. மூச்சுத் திணறிய மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். பலரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருந்தது.

இந்த இரண்டு துயரங்களுக்கும் நடுவில் வந்து போனது அந்த ஆண்டின் கிறிஸ்துமஸ். பக்கத்துக் குப்பத்தில் தொழில் நின்றுபோயிருக்கும்போது ஸ்டார் கட்டி, சீரியல் செட் போட்டு, குடில் வைத்துக் கொண்டாடுவது அறமா? அந்த ஓர் ஆண்டோடு முடிந்துவிடுகிற கேள்வி இல்லை இது. யாரோ ஒருவர் எப்போதும் இருட்டில் இருக்கிற ஊரில், வெளிச்சத்தின் விழாவைக் கொண்டாடுகிற ஒவ்வொருவரும் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

கொண்டாடக் கூடாது என்பவர்களின் வாதம் எளிதில் தள்ளக்கூடியது அல்ல. அந்த எண்ணெய்க் கசிவுக்கு அரசு அறிவித்த நிவாரணம் ஒரு மீனவக் குடும்பத்துக்கு 12,500 ரூபாய். ஒரு நடுத்தர ஆலயத்தின் பந்தலும் விளக்கும் இதைவிடப் பல மடங்கு செலவு பிடிக்கும். மாட்டுத் தொழுவத்தில் பிறந்தவரின் பெயரில் இவ்வளவு ஆடம்பரமா, அந்தப் பணத்தை இரண்டு குடும்பத்துக்குக் கொடுத்தால் அதுதானே உண்மையான கிறிஸ்துமஸ் என்று கேட்பவரின் மனம் நல்ல மனம்தான்.

ஆனால் இதே கேள்வியை நற்செய்தி நூலிலேயே ஒருவன் கேட்கிறான். பெத்தானியாவில் மரியாள் விலையுயர்ந்த நளதத் தைலத்தை இயேசுவின் பாதத்தில் ஊற்றியபோது, முந்நூறு தெனாரியத்துக்கு விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்று யூதாஸ் குறைப்பட்டுக்கொண்டான். ஒரு தெனாரியம் என்பது ஒரு கூலியாளின் ஒரு நாள் கூலி. ஆக, ஏறக்குறைய ஓர் ஆண்டின் உழைப்பு. இயேசு மரியாளின் பக்கம் நின்றார். கேட்டவனுக்கு ஏழைகள்மேல் அக்கறை இல்லை, பணப்பையின்மேல்தான் கண் என்று யோவான் எழுதிவைத்திருக்கிறார். ஏழைக்குச் சிக்கனம் சொல்லித்தருபவர் பெரும்பாலும் ஏழை அல்லர் என்பது அன்றும் உண்மை, இன்றும் உண்மை.

உழைப்பவர்களே மனமுவந்து செலவிட்டதற்கு வடசென்னையிலேயே சான்று உண்டு. ராயபுரத்தின் புனித இராயப்பர் ஆலயம் படகோட்டிகளின் காசில் எழுந்தது. சென்னைக்குத் துறைமுகம் இல்லாத காலத்தில், அலைகளைத் தாண்டி ஆளையும் சரக்கையும் மசூலா படகில் கரைசேர்த்தவர்கள் அவர்கள். கவிழ்ந்தால் உயிர் போகும் தொழில். அந்த வருமானத்திலிருந்து எடுத்துவைத்து 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஓர் ஆலயத்தைக் கட்டினார்கள். அவர்களைப் பார்த்து ‘வீண்செலவு’ என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. வடசென்னை மூலக்கொத்தளத்தின் ஹவுசிங் போர்டு குடியிருப்பில் ஒரு தாய் வாசலில் காகித ஸ்டார் கட்டுவதும் அந்த வகைதான். வாழ்க்கை தன் வீட்டுக்கு விதித்த அளவைத் தாண்டி, ‘இந்த வாசலுக்கும் விழா உண்டு’ என்று அவர் அறிவிக்கிறார். அதை அணைக்கச் சொல்வது அறம் ஆகாது.

ஆகமன வளையத்தின் கதையும் இதைத்தான் சொல்கிறது. 1839-இல் ஜெர்மனியின் துறைமுக நகரமான ஹாம்பர்க்கில், ஆதரவற்ற ஏழைப் பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திவந்த யோகான் விக்கெர்ன் என்ற இறையியலாளர், ‘கிறிஸ்துமஸ் எப்போது வரும்’ என்று தினமும் கேட்ட பிள்ளைகளுக்காக ஒரு பழைய வண்டிச் சக்கரத்தில் மெழுகுவர்த்திகளை நட்டு, நாளுக்கு ஒன்றாக ஏற்றினார். ஆலைப் புகையும் கப்பல் சரக்கும் நிறைந்த ஊரின் ஏழைப் பிள்ளைகளுக்காகத்தான் அந்த விளக்கு முதலில் எரிந்தது. பிறகுதான் அது உலகெங்கும் ஆலயங்களுக்குள் வந்தது.

அப்படியானால் விளக்கேற்றலாம் என்று தீர்ப்பெழுதி எழுந்துவிடலாமா? முடியாது. எந்த வெளிச்சத்தைக் கொண்டாடுகிறோம் என்பதைப் பார்க்காமல் அந்தத் தீர்ப்பு முழுமை பெறாது.

டிசம்பர் 25 என்ற தேதி வேதத்தில் இல்லை. ரோமாபுரியில் அந்த நாளில் விழா எடுத்ததற்குக் கிடைக்கும் மிகப் பழைய சான்று 336ஆம் ஆண்டைச் சேர்ந்தது. வட அரைக்கோளத்தில் பகல் மறுபடி வளரத் தொடங்கும் பருவம் அது. சூரியனுக்கு விழா எடுப்பவர்கள் நடுவில் கொண்டாடிய அந்த விழாவைப் பற்றி ஆயர் அகுஸ்தீன், நாம் வணங்குவது சூரியனை அல்ல, சூரியனைப் படைத்தவரை என்று தம் மக்களுக்கு விளக்க வேண்டியிருந்தது. ஐந்தாம் நூற்றாண்டில் திருத்தந்தை லியோ, ரோமாபுரியின் புனித இராயப்பர் பேராலயத்தின் படியேறும் விசுவாசிகள் திரும்பி நின்று உதய சூரியனைக் கும்பிட்டுவிட்டு உள்ளே வருவதைக் கண்டித்தார். கண்ணுக்குத் தெரிகிற ஒளியிலேயே மனம் நின்றுவிடும் ஆபத்தை ஆதித் திருச்சபை நன்றாக அறிந்திருந்தது.

அவர்கள் சுட்டிய ஒளி என்ன செய்யும் என்பதற்கு நற்செய்திகளில் இரண்டு பதில்கள் உண்டு. லூக்காவின் கதையில் அது ஏரோதின் அரண்மனைக்கோ எருசலேம் ஆலயத்துக்கோ போகவில்லை. இராக்காவல் பார்த்துக்கொண்டிருந்த இடையர்களிடம் போனது. வடசென்னையின் துறைமுகப் பகுதியில் அப்படிப்பட்டவர்களைத் தேடிப் போக வேண்டியதில்லை. எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசையில் நிற்கும் கன்டெய்னர் லாரியின் ஸ்டீயரிங்கில் தலைசாய்த்திருக்கும் டிரைவர், விடியுமுன் காசிமேட்டில் ஏலத்துக்கு மீன் கூடை தூக்கும் பெண், அனல்மின் நிலையத்தில் நைட் ஷிஃப்ட் பார்க்கும் ஒப்பந்தத் தொழிலாளி. மரண நிழலில் இருப்பவர்களுக்கான வெளிச்சம் என்றும் லூக்கா சொல்கிறார். இந்தி எதிர்ப்பு மொழிப்போரில் சிறைப்பட்டு 1939-இல் உயிர்விட்ட நடராசனையும் தாளமுத்துவையும் அடக்கம் செய்த இடுகாட்டை ஒட்டியே வாழும் மூலக்கொத்தளத்துக்காரர்களுக்கு அந்தச் சொல் உவமையாகப் படாது. அந்த ஒளி முதலில் யாரைத் தேடிப் போனதோ அவர்களை விட்டுவிட்டு அதைக் கொண்டாட வழியில்லை.

யோவானின் நற்செய்தி இரண்டாவது பதிலைத் தருகிறது. வெளிச்சம் செயல்களை அம்பலப்படுத்தும். அதனால்தான் தீமை செய்கிறவன் அதன் பக்கம் வர அஞ்சுகிறான். வெளிச்சம் அழகு மட்டும் என்றால் அதற்கு யாரும் அஞ்ச வேண்டியதில்லை. யாருக்கு என்ன நடக்கிறது என்பதை அது காட்டிக்கொடுக்கிறது.

அந்த வெளிச்சத்தில் வடசென்னையைப் பார்த்தால் தெரிவது இது. இந்த நகரத்துக்கு மின்சாரம் வந்த வழியே இப்பகுதிதான். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னைக்கு வெளிச்சம் கொடுத்த மின்நிலையம் மூலக்கொத்தளத்துக்குப் பக்கத்தில், பேசின் பாலத்தில் இருந்தது. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-இல் தொடங்கி 2017 வரை ஓடியது. வடசென்னை அனல்மின் நிலையத்தின் முதல் இரண்டு கட்டங்களும் சேர்ந்து 1,830 மெகாவாட். வல்லூர் அனல்மின் நிலையம் 1,500 மெகாவாட். எரிந்த நிலக்கரியின் சாம்பல் குழம்பாகக் குழாயில் போகிறது. குழாய் உடையும் இடங்களில் ஆற்றில் இறங்குகிறது. சேறு படிந்து ஆழம் குறைந்த கழிமுகத்தில் இறால் பிடிப்பவரின் காலடியில் கிடப்பது நகரம் ஏற்றி அனுபவித்த விளக்குகளின் மிச்சம். மயிலாப்பூரின் மார்கழிக் கச்சேரி மேடைக்கும் தியாகராய நகரின் கடை வாசலுக்கும் சாந்தோம் பேராலயத்தின் கோபுரத்துக்கும் ஒரே கம்பியில்தான் மின்சாரம் போகிறது. இதில் எந்த மதத்துக்கும் விலக்கு இல்லை.

நேர்மையாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எல்.இ.டி. சீரியல் செட் இழுக்கும் மின்சாரம் மிகச் சொற்பம். அதை அணைத்துவிட்டால் கொசஸ்தலையாறு தெளிந்துவிடப் போவதில்லை. ஒரு வருடம் ஸ்டார் கட்டாமல் இருந்துவிட்டு, கடமை முடிந்ததென்று நிம்மதியாகத் தூங்குவது, ஆடம்பரமாகக் கொண்டாடிவிட்டுத் தூங்குவதைப் போன்றதே. விளக்கை அணைப்பது எளிது. விளக்கு காட்டுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் கடினம்.

இந்த இடத்தில் வடசென்னைக்கு வழிகாட்ட ஒருவர் ஏற்கெனவே இருக்கிறார். மூலக்கொத்தளத்திலிருந்து நடந்துபோகிற தூரத்தில், ஏழுகிணற்றில் வளர்ந்த இராமலிங்க அடிகள், கடவுளை ஜோதியாகவே கண்டவர். அவர் வடலூரில் ஜோதி வழிபாட்டுக்கான சத்திய ஞான சபையைத் திறந்தது 1872-இல். பசித்தவருக்குச் சோறிடும் தருமசாலையைத் தொடங்கியது அதற்கு ஐந்தாண்டுகள் முன்பு, 1867-இல். முதலில் அடுப்பு, பிறகு விளக்கு. அவர் கிறிஸ்தவர் அல்லர். கிறிஸ்தவர்களுக்காக அதைச் செய்யவும் இல்லை. ஆனால் ஒளியை வணங்குகிறவன் எந்த வரிசையில் காரியம் பார்க்க வேண்டும் என்பதை இந்த மண்ணில் அவரைவிடத் தெளிவாகக் காட்டியவர் இல்லை. பெத்லகேமின் ஒளியை நம்புகிறவர் அவரிடமிருந்து இதைக் கற்றுக்கொள்வதால் விசுவாசம் குறையாது.

ஆன்மாவுக்கான விழாவில் அனல்மின் நிலையத்தையும் அம்மோனியாவையும் ஏன் இழுக்க வேண்டும் என்று சிலர் மனம் சங்கடப்படலாம். அரசியல் ஆலயத்துக்குள் வந்துவிடுமோ என்ற அச்சமும் நியாயமானது. பிரசங்க மேடை கட்சி மேடை ஆகக் கூடாது. ஆனால் கிறிஸ்துமஸின் நடுநாயகமான நம்பிக்கை, கடவுள் மனித உடல் எடுத்தார் என்பது. பசிக்கிற வயிறும் மூச்சு வாங்குகிற நெஞ்சும் உள்ள உடல். அதை நம்புகிற சபைக்கு, பெரியகுப்பத்தில் ஒரு குழந்தை மூச்சுக்குத் தவித்தது உலகக் காரியம் என்று ஒதுக்க இடமில்லை. உடலை ஒதுக்கிவிட்டால் விழாவே மிஞ்சாது.

ஆகவே, விளக்கேற்றலாமா என்ற கேள்விக்குப் பதில்: ஏற்றலாம், கடனோடு. இழப்புக்கு ஆளானவர் தன் வாசலில் ஏற்றுகிற விளக்குக்கு யாரும் கணக்குக் கேட்கக் கூடாது. அது அவருடைய உரிமை. இழப்பில்லாதவர் ஏற்றுகிற விளக்குக்குக் கணக்கு உண்டு. வசதியுள்ள சபை தன் விழாச் செலவைத் திட்டமிடும்போது, பாதிக்கப்பட்ட தெருவுக்கான பங்கை முதல் வரியில் எழுத வேண்டும். எல்லாம் முடிந்தபின் மிச்சத்தில் தரக் கூடாது. கேரல் ரவுண்ட்ஸ், காணிக்கை தாராளமாக விழும் வீடுகளுக்குப் போகுமுன் வலை போன வீடுகளுக்குப் போக வேண்டும். அங்கே பாடிவிட்டு, உட்கார்ந்து கேட்கவும் வேண்டும்.

பணத்தைவிடப் பெரிய கடன் சாட்சி சொல்வது. 2024 டிசம்பரில், ஏற்கெனவே மூடப்பட்ட எண்ணூர் அனல்மின் நிலையத்தின் 660 மெகாவாட் விரிவாக்கத் திட்டத்துக்காகப் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தது. ஆகமன வாரங்களிலேயே நடந்தது. அப்படிப்பட்ட கூட்டத்தில் என்ன கருத்துச் சொல்வது என்பதில் கிறிஸ்தவர்களுக்குள் வேறுபாடு இருக்கலாம். மின்சாரமும் வேலையும் ஊருக்கு வேண்டும் என்பவரும், இனி ஒரு புகைபோக்கியையும் தாங்க முடியாது என்பவரும் ஒரே பெஞ்சில் அமர்ந்து ஆராதிக்கிறவர்கள்தாம். ஆனால் அங்கே போகாமலும், குப்பத்து மக்கள் சொல்வதைக் காதில் வாங்காமலும் இருந்துவிட்டு, அதே வாரம் ஒளியின் விழாவைக் கொண்டாடுவதற்கு எந்த நியாயமும் இல்லை. நகரத்தின் தென்பகுதியில் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து நட்சத்திரத்தைப் பற்றிப் பிரசங்கம் கேட்கும் சபைகளுக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். அந்த அறைக்குக் குளிர் எங்கிருந்து வருகிறது என்பதை அவர்கள் தெரிந்துகொள்வது அவர்களுடைய வழிபாட்டின் ஒரு பகுதி.

கடவுள் தம் ஒளியைத் தம் சொந்தச் செலவில் தந்தார் என்பதே கிறிஸ்துமஸ் செய்தி. தொழுவத்தில் தொடங்கிச் சிலுவை வரை அந்தச் செலவை அவரே ஏற்றார். நம் ஒளியின் செலவையோ வேறு யாரோ ஏற்கிறார்கள். அவர்கள் யார், எந்தக் குப்பத்தில் இருக்கிறார்கள், அவர்களுக்கு என்ன வேண்டும் என்று தெரிந்துகொண்டு, அந்தச் செலவில் நம் பங்கை ஆண்டு முழுக்கத் திருப்பித் தருவதற்கான ஒப்புதல்தான் டிசம்பரில் ஏற்றுகிற விளக்கு.